மலைநாட்டுத் தோட்டங்களும் சமூகப்பணிக் கல்வியும்: பாலியல் நலம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையிற் சமூகப்பணிக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1952 ஆம் ஆண்டிலேயே தொடங்குவது வழக்கம். அவ்வாண்டிலேதான் கொழும்பிற் சமூகப்பணி நிறுவகம் தோன்றியது. இந்தியாவில் இக்கல்வியை வளர்த்தோருள் ஒருவரான டொறதி மோசஸ் அம்மையார் அதன் தொடக்கப் பணியில் முன்னின்றார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியாற் சமூகப்பணிப் பள்ளி எழுந்ததும் அதே ஆண்டில். பம்பாயில் 1936 ஆம் ஆண்டிலேயே டாட்டா குடும்பத்தின் அறக்கொடையால் இத்தகைய கல்லூரி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. 1952 இன் பிற்பகுதியிற் பம்பாயிலே கூடிய மாநாட்டில் அனைத்துலகக் குடும்பத்திட்டச் சம்மேளனமும் பிறந்தது. துன்புற்றோர்க்கு உதவுவதை ஒரு தொழிலாகக் கற்பிக்கும் முயற்சியும், மகப்பேற்றைத் திட்டமிடும் முயற்சியும் ஒரே காலத்தில் இப்பகுதியில் அமைப்பு வடிவம் பெற்றமை இங்குக் கருதத்தக்கது. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடங்கள் மிகச் சிலவே. அத்தகைய இடம் ஒன்று நுவரெலியா, ஹட்டன் பகுதிகளை உள்ளிட்ட தேயிலை மலைகளிலே இருந்தது.

பாலியல் நலம் என்ற தொடர் அன்று வழக்கில் இல்லை. 1975 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நலப்பணியாளரின் பயிற்சி குறித்து வெளியிட்ட அறிக்கையே அதற்குத் திட்டமான பொருள் தந்தது. உடல், உணர்வு, அறிவு, சமூக உறவு ஆகிய நான்கையும் இணைத்து நோக்கிய அவ்வறிக்கை, நோயின்மை ஒன்றையே நலமெனக் கொள்ளவில்லை. மகப்பேறு, கருத்தடை, பால்வினை நோய்கள், பூப்பெய்தும் பருவத்துப் பிள்ளைகளின் கல்வி, இல்லறத்திற் பெண்ணின் விருப்பும் மறுப்பும் எல்லாம் இத்தலைப்பினுள் அடங்கும். தோட்டத்துப் பெண்ணிடம் இவற்றைப் பற்றி யார் பேசினர், எதற்காகப் பேசினர் என்று வினவினால், விடை தேடி ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கும்.

கோப்பிப் பயிரை 1869 முதற் பரவிய இலைநோய் அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தபோது மலைநாட்டுக் குடிகளின் தன்மையும் மாறியது. கோப்பிக்குப் பருவகால உழைப்பே போதுமாயிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். அக்கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளாயின. பீஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் தனியராகவே பதிவுசெய்யப்பட்டனர். இலங்கைக்கோ கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவினரிடமிருந்தும் ஆட்களைக் குடும்பங்குடும்பமாகத் திரட்டி வந்தான். ஆகவே தோட்டத்திற் பிறக்கும் குழந்தை நாளைய தொழிலாளி எனக் கருதப்பட்டது. மலைநாட்டுத் தாயின் உடலைப் பற்றிய அக்கறை, தோட்டத்தின் கணக்கேட்டோடு பிணைந்தே பிறந்தது என்பதை மறத்தலாகாது.

அவ்வக்கறையின் சட்டவடிவம் 1872 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம். தோட்டப்பகுதிகளில் வைத்தியசாலைகளை அமைக்கவும் அவற்றின் செலவைத் தோட்டக்காரரிடமிருந்து பெறவும் அது வழிசெய்தது. பின்னர் 1912 இல் நிறைவேறிய ஒன்பதாம் இலக்கச் சட்டம் இன்னும் விரிவானது. தோட்டத்திற் குழந்தை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாத காலம் போதிய உணவும் உறைவிடமும் தரவேண்டும் என்றும், வைத்திய அதிகாரி தக்கவள் எனச் சான்று தந்தாலன்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைத்தலாகாது என்றும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பேணவேண்டும் என்றும் அது விதித்தது. அக்காலத்து அளவைக்கு இவை சிறிய ஏற்பாடுகள் அல்ல. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பணக்கொடுப்பனவையும் ஓர் உரிமையாக்கிற்று. தோட்டங்களைப் பொறுத்தவரை, பணத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பிரசவ விடுதி, மருத்துவிச்சி, உணவு ஆகியவற்றை அளிக்கவும் அது இடங்கொடுத்தது.

இச்சட்டங்கள் யாவும் பெண்ணைத் தாயாக மட்டுமே கண்டன. தாயாகாதபோது அவள் உடலைப் பற்றிப் பேசிய சட்டம் வேறொன்றுண்டு. அது 1867 இல் இங்கிலாந்தின் முன்மாதிரியைப் பின்பற்றி இலங்கையிற் கொண்டுவரப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம். படைவீரரைப் பால்வினை நோயினின்று காப்பதாகக் கூறி, நோயின் பழியைப் பெண்ணின்மேற் சுமத்தி அவளைப் பலவந்தமாகச் சோதனைக்கு உள்ளாக்குவதே அத்தகைய சட்டங்களின் இயல்பு. இங்கிலாந்திலே யோசபின் பட்லர் அம்மையார் நடத்திய நெடிய கிளர்ச்சியின் பயனாக 1886 இல் அவை நீக்கப்பட்டன. தாயெனிற் பேணற்குரியவள், அல்லளெனிற் சோதிக்கற்பாலள் என்ற இந்த இருபாற் பகுப்பு, சட்டம் மறைந்த பின்னும் வைத்தியசாலைகளின் பேச்சில் நெடுங்காலம் தங்கிற்று.

சுகாதாரத்தைக் கல்வியாகக் கொண்டுசெல்லும் வழக்கம் தோட்டங்களுக்கு வந்தது கொக்கிப்புழு ஒழிப்பின் வழியாக. ரொக்கபெல்லர் தாபனத்தின் உதவியோடு 1916 இல் அவ்வியக்கம் தொடங்கிற்று. மருந்தூட்டலோடு மலகூடம் அமைத்தலும், புழு உடலிற் புகும் வழியை எடுத்துரைத்தலும் அதன் பகுதிகளாயின. கொக்கிப்புழு இரத்தச்சோகையை விளைக்கும். சோகையுற்ற தாய்க்குப் பிரசவம் பேரிடர். ஆகவே புழுவைப் பற்றிய அவ்விளக்கம் தன்னையறியாமலே தாய்நலம் பற்றிய முதற் பாடமாகவும் அமைந்தது. 1926 இற் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு, வீடுதோறும் செல்லும் மருத்துவிச்சியை மையமாகக் கொண்ட புதிய முறையைத் தொடக்கிவைத்தது. கிராமங்களில் அம்முறை வேரூன்றி இலங்கையின் தாய்சேய் நலத்தை ஆசியாவே வியக்கும் நிலைக்கு உயர்த்திற்று. தோட்டங்களோ அதன் எல்லைக்கு வெளியே நின்றன. அங்கே வைத்தியம் தோட்டத்துரையின் பொறுப்பு. மருத்துவிச்சி தோட்டத்தின் சம்பளக்காரி. மக்கள் 'டாக்டர் ஐயா' என அழைத்த டிஸ்பென்சர் நிருவாகத்துக்கே பதில்சொல்லக் கடமைப்பட்டவர். ஒரு பெண் தன் அந்தரங்கத்தை அவரிடம் கூறினால் அது காரியாலயத்துக்கும் எட்டுமோ என அஞ்சுவதற்கு இடமிருந்தது.

இங்கு மொழியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தமிழ்மொழி இத்துறையில் வாய்மூடி இருந்த மொழியன்று. பொருளதிகாரத்திற் களவியலையும் கற்பியலையும் வைத்து இலக்கணம் செய்தது அது. அறத்தையும் பொருளையும் கூறிய நூலை இன்பமும் கூறி முப்பாலாக நிறைவித்ததும் அதுவே. சபையிற் பேசத்தகாதது என்ற கூச்சம் பிற்காலத்தது. நகரத்துப் படித்த வகுப்பாரிடையே மிகுந்தது. லயத்துப் பெண்களிடம் இதற்கெனத் தனிச் சொல்வளமே இருந்தது. கருவுற்றவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்றனர். மாதவிலக்கு வீட்டுக்குத் தூரமானது. திங்கள் தவறியது 'நாள் தள்ளிப்போனது' ஆயிற்று. வெள்ளைபடுதல், வெட்டை, மேகம், சூடு எனப் பல நோய்க்குறிகளும் பெயர் பெற்றிருந்தன. 'வெள்ளை படுகிறது' என்று ஒரு பெண் கூறும்போது அது உண்மையிலேயே ஒரு தொற்றாக இருக்கலாம். சோகையின் களைப்பாக இருக்கலாம். கணவனைப் பற்றி நேரே கூறவொண்ணாத ஒரு துயரத்தின் மறைமொழியாகவும் இருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறியும் செவியே சமூகப்பணியாளரின் முதற் கருவி. கொழும்பிலே ஆங்கில நூல்களைக் கொண்டு வளர்ந்த ஒரு கல்வி, மலையேறும்போது இச்செவியை உடன்கொண்டுவர இயலவில்லை. பாடநூற் சொல்லும் லயத்துச் சொல்லும் ஒன்றையொன்று அறியாமலே அருகருகே வாழ்ந்தன.

பெண்கள் முன்னிலையிற் பெண்ணொருத்தி பொதுக்காரியம் பேசும் மரபு மலைநாட்டுக்கு முற்றிலும் புதிதன்று. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்ட மக்களிடையே பாட்டாலும் பேச்சாலும் உரிமையுணர்வை ஊட்டினார். அவருடைய பாட்டு நூல் 1940 இல் வெளிவந்தது. எழுத்தறியாத சபைக்குக் கருத்தைக் கொண்டுசெல்லப் பாட்டே தக்க வாகனம் என்பதை அவர் கண்டிருந்தார். பிற்காலத்துச் சுகாதாரப் பிரசுரங்களை எழுதியோர் இந்த உண்மையைப் போதிய அளவு பயன்படுத்தாது போயினர்.

கொழும்பிலே பெண்ணுடல் நலத்துக்காக முன்வந்தோருட் கனடாவிற் பிறந்து யாழ்ப்பாணத் தமிழரொருவரை மணந்த வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார் முதலிடம் பெறுவர். 1937 இற் கொழும்பிலே தொடங்கப்பட்ட குடும்பக்கட்டுப்பாட்டு நிலையத்தோடு அவர் பெயர் இணைந்துள்ளது. அம்முயற்சி நீடிக்கவில்லை. 1953 இல் சில்வியா பெர்னாண்டோ அம்மையாரும் மகப்பேற்று வைத்தியர் சிவா சின்னத்தம்பி அம்மையாரும் பிறரும் கூடிக் குடும்பத்திட்டச் சங்கத்தை நிறுவிய பின்னரே இப்பணி நிலைபெற்றது. சமூகப்பணி நிறுவகத்துக்கு அப்போது வயது ஒன்று.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வரலாம். சுவீடன் தேசம் 1955 இற் பாடசாலைகளிற் பாலியற் கல்வியைக் கட்டாயமாக்கிற்று. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. அங்கு 1933 முதல் எலிசே ஒட்டெசென்-ஜென்சென் அம்மையார் தலைமையில் ஒரு சங்கம் தொழிலாளர் குடும்பங்களிடையே இக்கல்வியைப் பரப்பிவந்தது. அத்தேசம் 1958 இல் இலங்கையோடு ஓர் உடன்படிக்கை செய்தது. ஓர் அரசு மற்றோர் அரசுக்குக் குடும்பத்திட்டத்திற்கென உதவி செய்தமை உலகில் அதுவே முதன்முறை. பரிசோதனைக்கென இரண்டு இடங்கள் தெரிவுசெய்யப்பட்டன. ஒன்று களுத்துறை மாவட்டத்துச் சிங்களக் கிராமப்பகுதியான பண்டாரகம. மற்றொன்று அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்திலே குளிர்மலையில் அமைந்த டயகம தேயிலைத் தோட்டம்.

அத்திட்டத்தின் முறை குறிப்பிடத்தக்கது. முதலில் மக்கள் எதை அறிவர், எதை விரும்புவர் என்று கேட்டறிதல். அதன்பின் வீடுசென்று பேசுதல். விரும்புவோர்க்குச் சாதனங்களை வழங்குதல். பின்னர்ப் பிறப்புக்களைப் பதிந்து ஒப்பிடுதல். சுவீடிய வைத்தியர் ஆர்னே கிஞ்ச் இதன் தொடக்கப் பெறுபேறுகளை 1962 இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுதியில் எழுதினார். கேட்டறிந்த பின்னரே பேசுவது என்ற ஒழுங்கு சமூகப்பணிக் கல்வியின் அடிப்படை ஒழுங்குமாகும். அவ்வகையில் டயகம, மலைநாட்டின் முதலாவது களப்பாடசாலை எனத் தகும்.

ஆனால் பாடசாலையின் சுவர்களையும் நோக்குதல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒற்றை அறை. அதனுள்ளே கணவன், மனைவி, வளர்ந்த மகள், சிறுவர், சில வேளை கிழத்தாய். சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம், இருமினாற் கேட்கும். நீருக்கு வெளியே பீலிக்குச் செல்லவேண்டும். பெண் பருவமெய்தினால் அவளை மறைத்து அமர்த்தத் திரையொன்றைக் கட்டும் மூலையும் அவ்வறைக்குள்ளேதான். மாத்திரையும் கருப்பையுட் சாதனமும் பரவலாகாத 1958 இல், தம்பதிகள் கைக்கொள்ளக் கிடைத்த முறைகளிற் பெரும்பாலானவை தனிமையையும் நீரையும் பொருளை மறைத்து வைக்கும் ஓர் இடத்தையும் வேண்டுவன. இம்மூன்றும் லயத்திற் கிடையா. மக்கள் அறியாமையால் மறுக்கின்றனர் என்று ஒரு பயிற்சியாளர் எழுதியிருப்பின், அவர் அறையின் அளவைக் கவனியாது எழுதியவராவார். பாலியல் நலக் கல்வி வீட்டமைப்பிலிருந்து பிரிக்கப்பட முடியாதது என்ற பாடத்தை டயகம கற்பித்தது. அதனைக் கற்றுக்கொண்டோர் பலரல்லர்.

மற்றொரு சுவரும் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாதது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பது. அவர்களையும் 1974 இற் சரிபாதியாகப் பிரித்தனர். இவ்வெண்களைப் பலர் அறிவர். இவற்றோடு இணைந்து வரும் 'இயற்கைப் பெருக்கம்' என்ற சொற்றொடரை ஊன்றிக் கவனித்தோர் சிலரே. ஒப்பந்தத்தில் அடங்கியோருக்கு அதன்பின் பிறக்கும் குழந்தைகளும் அவ்வவ் விகிதத்திலே இருநாடுகளுக்கும் பங்கிடப்பட்டனர். டயகமவில் இரவு பிறந்த குழந்தை, தொட்டிலிற் கிடத்தப்படுமுன் இரு தலைநகரங்களின் ஏட்டில் ஓர் எண்ணாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1965 இல், இலங்கை அரசு குடும்பத்திட்டத்தைத் தன் சுகாதாரச் சேவையின் பகுதியாக ஏற்றது. இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு கற்பித்தல் தவறு. அரசின் கொள்கை முழு நாட்டுக்குமானது. எனினும் நாடுகடத்தலை எதிர்நோக்கியிருந்த ஒரு சமூகம், 'குழந்தைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்ற அரசின் வார்த்தையை எந்தச் செவியாற் கேட்டிருக்கும் என்பதை ஒரு சமூகப்பணி மாணவர் சிந்தியாது விடலாகாது. ஐயம் இங்கே மூடத்தனம் அன்று. அது வரலாற்றறிவின் ஒரு வடிவம்.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. துரைமார் மாறினர், லயங்கள் மாறவில்லை. 1980 முதல் நிலையான கருத்தடை அறுவைக்கு அரசு பணவூக்கம் வழங்கிற்று. அத்தொகை ஒரு காலத்தில் 500 ரூபா வரை உயர்ந்தது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது ஒரே நாளிற் கைக்கு வரும் பெருந்தொகை. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984 இலேயே கிடைத்தது என்பதை இதனோடு சேர்த்து நோக்கின், அத்தொகையின் இழுப்பு விளங்கும். தோட்டத்துறையிற் பெண்களின் கருத்தடை அறுவை நகரத்தையும் கிராமத்தையும்விட மிகுந்து காணப்பட்டமை இதன்பின் வந்த பல கணக்கெடுப்புக்களால் அறியப்பட்டது. மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011 இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வறுவைகளிற் பெண்களின் உடன்பாடு முறையாகப் பெறப்படவில்லை என வன்மையாகக் குற்றஞ்சாட்டிற்று.

இவ்விடத்தில் ஒருபக்கச் சார்பு ஆகாது. மூன்று பிள்ளைகளைப் பெற்று, விடியலிற் பெரட்டுக்கு ஓடி, முதுகிற் கூடையோடு சரிவேறிய பெண், இனிப் பிள்ளை வேண்டாம் எனத் தானே முடிவுசெய்ததும் உண்டு. அவள் முடிவை ஏமாற்றத்தின் விளைவு என எப்போதும் கொள்வது அவளுடைய அறிவை இழிவுபடுத்துவதாகும். குறை வேறிடத்தில் உள்ளது. அவளுக்கு மாற்று வழிகள் விளக்கப்பட்டனவா? கணவனுக்குச் செய்யும் அறுவை பெண்ணுக்குச் செய்வதினும் எளிது என்று அவ்விருவரிடமும் எவரேனும் கூறினரா? மறுத்தால் வேலையிலோ சலுகையிலோ இழப்பில்லை என்ற உறுதி தரப்பட்டதா? படிவத்தின் மொழி அவள் மொழிதானா? இக்கேள்விகளைக் கேட்கவேண்டியவர் வைத்தியரல்லர், அவருக்கு நேரமுமில்லை. தோட்ட உத்தியோகத்தருமல்லர், அவருக்கு இலக்கத் தொகை உண்டு. அவ்விருவருக்கும் இடையே நிற்கும் மூன்றாமவருக்கே சமூகப்பணியாளர் என்று பெயர். அந்த மூன்றாமவர் பெரும்பாலான தோட்டங்களில் இருக்கவில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை.

சட்டமும் பிள்ளைகளை எண்ணத் தலைப்பட்டது. மகப்பேற்று நன்மைகள் சட்டத்திற் பிற்காலத்திற் புகுந்த திருத்தங்களால், முதலிரு குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரமாயிருந்த சம்பளத்தோடு கூடிய விடுமுறை, மூன்றாம் குழந்தைக்கு ஆறு வாரமாகக் குறுகிற்று. மூன்றாவது பிரசவத்தால் மேலும் தளர்ந்த உடலுக்குப் பாதி ஓய்வு என்பது எவ்வகை வைத்திய நியாயம் என்று கேட்போருக்கு விடையில்லை. 1912 இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம்கூடப் பிரசவத்தின் வரிசையெண்ணைக் கேட்டதில்லை.

சமூகப்பணிக் கல்வியோ மெல்ல வளர்ந்தது. 1978 இல் ஈராண்டு டிப்ளோமா அமைந்தது. 1992 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவகம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. 2005 இற் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. அதே 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தொழிலாளரின் வீடு, சுகாதாரம், சிறுவர் பராமரிப்பு ஆகியவற்றைக் கவனிக்க ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிறுவப்பட்டது. அதுவே பின்னர்ப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர்பெற்றது. பழைய பிள்ளைக்காம்பரா சிறுவர் விருத்தி நிலையமாயிற்று. பிள்ளைக்காம்பராவிற் கைக்குழந்தையை விட்டு, இடைவேளையில் மலையிலிருந்து இறங்கிவந்து பாலூட்டிச் செல்லும் தாய்மாரைச் சந்திக்க அதனிலும் சிறந்த இடம் தோட்டத்தில் இல்லை. லயத்திற் கிடையாத தனிமை அங்கே சிறிது நேரம் கிடைக்கும். கூடவே பெண்களின் கூட்டமும் இருக்கும். களப்பயிற்சிக்கு வரும் மாணவிக்கு இவ்விடம் காரியாலயத்தைவிடப் பயன் தருவது.

இக்காலத்திலே பாலியல் நலத்தின் பொருளும் விரிந்தது. இலங்கையர் ஒருவரிடம் எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான கிருமித் தொற்று முதன்முதற் கண்டறியப்பட்டது 1987 இல். தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் மேற்காசிய நாடுகளின் வீடுகளுக்கும் வேலைதேடிச் செல்லத் தொடங்கியிருந்த காலம் அது. லயத்துப் பாட்டியின் சொல்வளம் எட்டாத தூரங்களிலே பேத்திகள் தனித்து வாழ்ந்தனர். 1994 இற் கெய்ரோவிலே கூடிய மக்கட்டொகை மாநாடு, எண்ணைக் குறைத்தல் என்ற நோக்கை விடுத்து, ஆளின் உரிமையும் தெரிவும் என்ற நோக்கை உலக அரசுகளின்முன் வைத்தது. இலங்கை அதனைத் தழுவி 1998 இல் மக்கட்டொகை, இனப்பெருக்க நலக் கொள்கையை வகுத்தது. கொள்கைகளின் மொழி மாறிய அளவுக்குத் தோட்ட வைத்தியசாலையின் பேச்சுமொழி மாறவில்லை. தமிழ் பேசும் பொதுச் சுகாதார மருத்துவிச்சிகளின் பற்றாக்குறை நெடுங்காலம் தொடர்ந்தது. மொழிபெயர்க்க ஒரு சிறுமியையோ அயலாளையோ அழைத்து வைத்துக்கொண்டு ஒரு தாயின் அந்தரங்கத்தைக் கேட்பது கேளாமையினும் தீது.

ஆயினும் நிகழ்ந்த நன்மையைக் கூறாதுவிடுதல் நேர்மையன்று. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணின் இரத்தத்தையும் மேகப்புண் நோய்க்காகச் சோதிக்கும் பழைய வழக்கம், பின்னர் எய்ட்ஸ் கிருமிக்கான சோதனையோடு சேர்ந்து நாடெங்கும் பரவிற்று. இவ்விரு தொற்றும் தாயினின்று சேய்க்குச் செல்வதை இலங்கை ஒழித்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் 2019 இற் சான்று வழங்கியது. தோட்டத்துத் தாய்மாரை விட்டுவிட்டு அச்சான்றைப் பெற்றிருக்க முடியாது. 1867 இல் நோயின் தோற்றுவாய் எனப் பழிக்கப்பட்டுப் பலவந்தமாகச் சோதிக்கப்பட்ட பெண்ணுடல், இங்கே தன் குழந்தையைக் காக்கும் பொருட்டு இரகசியம் காக்கும் முறையிற் சோதிக்கப்பட்டது. சோதனை ஒன்றே, அதனைச் செய்யும் முறையும், முடிவைச் சொல்லும் வாயும், சொல்லப்படும் மொழியுமே வேறுபாட்டை உண்டாக்கின. முடிவைச் சொல்லும் அந்த வேளைக்கு மாணவரைப் பழக்குவதே சமூகப்பணிக் கல்வியின் கடினமான பகுதி. வெட்டை என்பதைச் சூட்டால் வந்தது என நம்பும் ஆணிடம், மனைவியோடு அவனும் மருந்துண்ணவேண்டும் என்று அவன் மானம் குலையாமற் கூறுவது எப்படி? இதற்குச் சுவீடிய நூலிலும் விடையில்லை. பம்பாய் நூலிலும் விடையில்லை. மலைநாட்டிலே இருபதாண்டு மருத்துவிச்சியாயிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்ணிடம் அது இருக்கும். அவரைப் பாடநூலாகக் கொள்ளும் வகுப்பறைகள் இன்னும் அரியனவே.

மூன்றாம் குழந்தைக்கான விடுமுறைக் குறைப்பை 2018 ஆம் ஆண்டின் பதினைந்தாம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கிற்று. அன்று முதல் டயகமவிற் கொழுந்தெடுக்கும் தாய்க்கு முதற் பிரசவத்துக்குக் கிடைக்கும் எண்பத்துநான்கு நாட்களே மூன்றாவதற்கும் கிடைக்கின்றன.